இறால் இல்லாத தூள்

இறால்காரர் ஒரு காலத்தில் திட்டினால் மூச்சு விடாமல் திட்டுவார். இறால் ஓடு ஏற்றி வரும் லாரி தாமதமானால் போதும். டிரைவரின் தூக்கம், லாரியின் வயசு, ரோடு போட்டவனின் நேர்மை, மூடாத தார்ப்பாயிலிருந்து வழியும் தண்ணீர் என்று எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் கோத்து இழுத்துக்கொண்டு போய், கடைசியில் "சரி, டீ குடிச்சியா?" என்று முடிப்பார். அதைக் கேட்பதற்காகவே சில டிரைவர்கள் தாமதமாக வருகிறார்கள் என்று அவர் மனைவி சொல்லுவாள்.

அந்த மனைவிக்குப் புகுந்த வீட்டார் வைத்த பெயர் பூஞ்சைக்காரி. கேலியாக வைத்ததுதான். அவள் அதைப் பட்டம் வாங்கியவள் மாதிரி ஏற்றுக்கொண்டுவிட்டாள், அதனால் கேலி செய்தவர்களுக்குத்தான் சப்பென்று போய்விட்டது.

அவள் கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் ஓர் அமிலத் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவள். குளிர்பானத்துக்குப் புளிப்பு ஏற்றும் அமிலத்தைப் பெரிய தொட்டிகளில் பூஞ்சை வளர்த்துத்தான் எடுக்கிறார்கள். எலுமிச்சம்பழத்துக்கும் அதற்கும் பாட்டிலில் ஒட்டிய படத்தைத் தவிர வேறு சம்பந்தம் கிடையாது. அங்கே பூஞ்சைகளுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டு, குளிராமல் சூடாகாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. வீட்டில் ரொட்டி பூசணம் பிடித்தால் மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள், இவள் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எந்தச் சாதி என்று பார்ப்பாள்.

இறால்காரரின் தொழில் வேறு. மீன் பதப்படுத்தும் இடங்களில் உரித்துப் போடும் இறால் ஓட்டை வாங்கி வந்து, அமிலத்தில் ஊற வைத்து, காரத்தில் வேக வைத்து, கடைசியில் வெள்ளைத் தூளாக ஆக்குவார். அந்தத் தூளுக்குக் கைட்டோசான் என்று பெயர். காயத்தில் வைத்தால் ரத்தம் சீக்கிரம் நிற்கும், பழத்தின் மேல் பூசினால் சீக்கிரம் அழுகாது, கலங்கிய தண்ணீரில் போட்டால் அழுக்கு திரண்டு அடியில் போய்விடும். இதையெல்லாம் அவர் முன்பின் தெரியாதவர்களிடமும் பஸ்ஸில் பக்கத்து சீட்காரரிடமும் சொல்லுவார். அவர்கள் இறங்கவேண்டிய இடத்தில் இறங்கினார்களா என்பது வேறு விஷயம்.

பல வருஷம் ஓட்டுத் தூசியை மூக்கால் இழுத்ததில் ஒரு நாள் நெஞ்சு மக்கர் பண்ணியது. முதலில் இருமல். அப்புறம் மாடிப்படியில் பாதியில் நிற்பது. அப்புறம் நெஞ்சுக்குள் ஒரு சின்ன விசில். டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, இறால் அவர் உடம்புக்குப் பகையாகிவிட்டது, தின்னவும் கூடாது, தொடவும் கூடாது, அந்தத் தூசி பறக்கும் இடத்தின் வாசலில்கூட நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஓடு பதப்படுத்தும் யார்டு அவருடைய அண்ணனிடம் போனது. இறால்காரர் வீட்டு ஜன்னலோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

உட்கார்ந்தவர் பேச்சைக் குறைத்துவிட்டார். குறைத்தார் என்பதுகூடத் தப்பு, பேச முடியவில்லை. வாக்கியத்தைத் தொடங்குவார், நடுவில் மூச்சு அறுந்துபோகும், மிச்சத்தைக் கையால் காட்டுவார். நாளாக நாளாகத் தொடங்குவதையும் விட்டார். பூஞ்சைக்காரியை வியாதியைவிட இதுதான் வாட்டியது. பேசிப் பேசியே தலைவலி கொடுத்த மனுஷன் வாயை மூடிக்கொண்டிருந்தால் வீடு என்னவோ பூட்டின வீடு மாதிரி இருந்தது.

ஒரு நாள் அவர் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏங்க, இறால் இல்லாம உங்க தூளை எடுத்தா அந்தத் தொழிலைப் பண்ணுவீங்களா?"

"இறால்... இல்லாமலா?"

"பூஞ்சையோட மேல்தோல்லயும் அதே சரக்குதான் இருக்கு. சில சாதியில கைட்டோசானாவே இருக்கு. உங்க ஓட்டுல பாதி நாள் வேக வச்சு மாத்துறீங்களே, அந்த வேலை மிச்சம்."

"ரொட்டியில... பூக்குமே..."

"அதுக்குச் சித்தப்பா பெரியப்பா முறை."

அவர் ஜன்னலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சிரித்தார். அந்தச் சிரிப்பின் கடைசியில் விசில் வந்தது. ஆனால் சிரித்தார். அது போதும் என்று அவள் கிளம்பிவிட்டாள்.

மூடிக் கிடந்த ஒரு சலவைக் கடையை வாடகைக்குப் பிடித்தார்கள். வெந்நீர் பாய்லர், சாக்கடை வசதி, சரிவான தரை எல்லாம் தயாராக இருந்தது. சுவரில் "கறைக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று எழுதியிருந்ததை மட்டும் அவள் தம்பி அழிக்க விடவில்லை. நமக்கும் பொருந்துதே அக்கா என்றான். அவன் மோட்டார், வயரிங், வண்டி மூன்றுக்கும் பொறுப்பு. பேச்சில் மாமாவுக்கு வாரிசாக வரக்கூடியவன்.

கடை திறந்த அன்றைக்கே பூஞ்சைக்காரி ஒரு சட்டம் போட்டாள். இறால் யார்டிலிருந்து ஒரு பொருளும் இந்த வாசலைத் தாண்டக் கூடாது. வாளி, கரண்டி, கையுறை, செருப்பு எதுவும். அண்ணன் வந்தாலும் தெருவில் நின்றுதான் பேச வேண்டும். இறால்காரர் தலையை ஆட்டினார். அவர் அவ்வளவு சுலபமாகத் தலையாட்டுகிற ஆள் இல்லை என்பது அவளுக்கு அப்போதே பொறி தட்டியிருக்க வேண்டும்.

வேலை பார்ப்பதற்கு எளிமையாகத்தான் இருக்கும். தொட்டியில் சர்க்கரைத் தண்ணீர், அதில் தாய்ப்பூஞ்சையிலிருந்து கொஞ்சம், அடியிலிருந்து ஓயாமல் காற்று. ஓரிரு நாளில் தண்ணீர் முழுக்க ஊறின பஞ்சு உருண்டைகள் மாதிரி வெள்ளை வெள்ளையாகச் சுற்றி வரும். அதை அள்ளி, காரத்தில் வேக வைத்து, கழுவி, புளிக்காடி மாதிரியான மெல்லிய அமிலத்தில் போட்டுச் சுட வைத்தால் வேண்டிய சரக்கு கரைந்து தண்ணீருக்குள் வந்துவிடும், வேண்டாதது சக்கையாக நிற்கும். வடிகட்டவேண்டியது, வடிந்த தண்ணீரில் காரம் விடவேண்டியது, பால் திரிந்த மாதிரி வெள்ளையாகத் திரண்டு வரும். கழுவிக் காய வைத்துப் பொடித்தால் கைட்டோசான். சக்கையையும் வீணாக்குவதில்லை. செடிக்கு நோய் வராமல் தடுக்கிறதென்று ஒரு நாற்றுப் பண்ணைக்காரர் மூட்டை மூட்டையாக வாங்கிப் போனார்.

இந்தத் தூளைக் கேட்டது காயத்துக்குக் கட்டும் துணி செய்கிற ஒரு கம்பெனி. இறால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் அடிபடத்தானே செய்கிறது, அவர்களுக்கென்று இறால் இல்லாத துணி செய்யப் போகிறார்கள். அந்தக் கம்பெனியில் சரக்கு எடுக்கும் அம்மாள் கறார்ப் பேர்வழி. முதல் மாதிரியைக் கரைத்துப் பார்த்துவிட்டு, கலங்கல், வேண்டாம் என்றார். இரண்டாவது மாதிரிக்கும் அதே பதில்.

வடிகட்டுவதில்தான் கோளாறு, அது இறால்காரரும் தம்பியும் பார்த்த வேலை. புது நைலான் துணி நுண்ணிய சக்கையை விட்டுவிடுகிறது. இரட்டையாகப் போட்டாலும் விட்டது. இரண்டாவது தடவை ஃபோனை வைத்த பிறகு பூஞ்சைக்காரி கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து அழுதாள். வாழ்நாள் முழுக்க அடுத்தவன் தொட்டியைப் பார்த்துக்கொண்டாயிற்று, சொந்தத் தொட்டிக்குக் கை விளங்கவில்லையே என்று அழுதாள். இறால்காரர் வாசலில் நின்று பார்த்தார். அப்படியே தெருவில் இறங்கிப் போனார்.

மறுநாள் அவர் ஒரு கோரிக்கை வைத்தார்.

"வடிகட்டுறத... இனிமே நான் தனியா... பார்க்கிறேன். ரூமுக்குள்ள... யாரும் வரக்கூடாது. கவனம்... சிதறுது."

அடுத்த தடவை வடிந்து வந்த தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அவள் டம்ளரை வெளிச்சத்தில் பிடித்தாள், அந்தப் பக்கம் தம்பியின் பல் தெரிந்தது. கட்டுத்துணி அம்மாள் சரி என்றார், அதற்கடுத்ததையும் சரி என்றார், பெரிய டிரம் ஒன்றுக்கு ஆர்டரே கொடுத்துவிட்டார். எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால் இறால்காரர் இரண்டு கையையும் விரித்துக் காட்டி, "கைவாகு" என்பார். பூஞ்சைக்காரிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. தொழில் போனாலும் கை போகவில்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். புகுந்த வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

அப்போதுதான் விசில் திரும்பி வந்தது.

அதுவரை கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி வந்தவர்தான். இப்போது வடிகட்டுகிற நாளெல்லாம் சாயங்காலம் மூச்சு திணறியது. மற்ற நாளிலும் படுக்கையில் இருமினார். பூஞ்சைக்காரி பயந்துவிட்டாள். தொட்டிக்குள் இருக்கும்வரை பூஞ்சை சாது. வெளியே எடுத்து அள்ளிக் கொட்டுகிற நாள்தான் வடிகட்டும் நாள். பூஞ்சை ஒத்துக்கொள்ளாதவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். அவள் அறையில் காற்றாடி போட்டாள், ஈரத்துணியால் தரையை ஒற்றி எடுத்தாள், அவருக்கு முகமூடி மாட்டிவிட்டாள். வீட்டிலும் இருமுகிறார் என்றதும் சந்தேகம் தன் மேலேயே திரும்பியது. தன் துணியில், தன் தலைமுடியில் ஒட்டிக்கொண்டு பூஞ்சை வீடுவரைக்கும் வருகிறதோ? கடையிலிருந்து வந்ததும் குளிக்காமல் எதையும் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டாள். அப்புறம் ஒரு நாள் கத்தரியை எடுத்து, இடுப்புவரை இருந்த முடியைக் கழுத்தோடு வெட்டிவிட்டாள்.

இறால்காரர் வெட்டின முடியைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எதுக்கு... இப்படி..." என்றார். மிச்சம் வரவில்லை.

முடி வெட்டியும் விசில் போகவில்லை. டாக்டரம்மாவிடம் போனார்கள்.

"கையில குத்திப் பார்க்கிற சோதனையில பொதுவான பூஞ்சை நாலைஞ்சு இருக்கும்மா, நீங்க வளர்க்கிறது அதுல இல்ல. அதனால அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா ஒரு தூசி ஒத்துக்காத நெஞ்சுக்கு இன்னொரு தூசியும் ஒத்துக்காமப் போறது சகஜம்தான். இவர் அந்த இடத்தை விட்டுத் தள்ளி இருக்கட்டும். நெஞ்சு இனிமே அடி தாங்காது."

வீட்டுக்கு வந்ததும் இறால்காரர் பழைய நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த நாற்காலிக் கால் தரையில் உராய்ந்த சத்தம் பூஞ்சைக்காரிக்குக் காதில் நின்றது. அவரைக் கழித்துவிட்டுத் தான் மட்டும் கடையை நடத்தலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். எதற்கு? அந்தக் கடையே அந்த மனுஷனை நாற்காலியிலிருந்து எழுப்பத்தானே.

பெரிய டிரம் ஏற்கெனவே கம்பெனிக்குப் போய்விட்டது. அதற்கான பதில் வரட்டும், பிறகு மூடலாம் என்றான் தம்பி. அவள் கேட்கவில்லை. கழுத்தளவு முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு கடைக்குப் போனாள்.

தாய்ப்பூஞ்சை கண்ணாடிக் குழாய்களில், ஃபிரிட்ஜில் இருந்தது. பழைய வேலையிடத்துத் தோழி ஒருத்தி கொடுத்தனுப்பியது. இவள் கடை திறந்த நாளிலிருந்து அதைச் சாகாமல் பார்த்துக்கொண்டு வந்தாள். வேண்டாத பூஞ்சையை அப்படியே குப்பையில் போட முடியாது, வேக வைத்துக் கொன்றுவிட்டுத்தான் போட வேண்டும். அதற்கு அவர்களிடம் இருந்தது ஒரு பெரிய பிரஷர் குக்கர். குழாய்களை ஒவ்வொன்றாக உள்ளே நிற்க வைத்தாள். மூடியைத் திருகினாள். கேஸைப் பற்ற வைத்தாள். தம்பி வாசலுக்குப் போய் மோட்டார் வயரைச் சுருட்டுவதுபோல் பாசாங்கு பண்ணினான்.

ஃபோன் அடித்தது. கட்டுத்துணி அம்மாள்.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க? நம்பித்தானே ஆர்டர் கொடுத்தோம்?"

"கலங்கலா இருக்கா?"

"கலங்கலா இருந்தாக்கூடப் பரவாயில்லையே! மாதிரியில தெளிவு மட்டும்தான் பார்த்தோம். இது மொத்தச் சரக்குங்கிறதால இறால் இருக்கான்னு சோதிச்சோம். இருக்கு! ஒண்ணுக்கு ரெண்டு தடவை பார்த்தாச்சு. பூஞ்சைத் தூள்னு சொல்லிட்டு ஓட்டுத் தூளைக் கலந்து எங்க தலையில கட்டப் பார்த்தீங்களா?"

பூஞ்சைக்காரி அடுப்புப் பக்கம் திரும்பினாள். குக்கருக்கு அடியில் தீ நீலமாக எரிந்துகொண்டிருந்தது.

"இறாலா?" என்றாள்.

"ஆமா, இறால்."

"நல்லாப் பார்த்தீங்களா? நிச்சயமா இறால்தானா?"

"ஏம்மா, நான் என்ன விளையாடுறேனா? இறாலேதான்!"

அவள் ஒரே எட்டில் போய்க் கேஸை அணைத்தாள். மூடியைத் திருகிப் பிடுங்கி, குழாய்களை இரண்டு கையாலும் வாரி வெளியே எடுத்தாள். கண்ணாடி லேசாகத்தான் சூடேறியிருந்தது. அவற்றைப் புடவைத் தலைப்பில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினாள். தொழில் போகப் போகிறது, பெயர் கெட்டுவிட்டது, ஃபோனில் ஒருத்தி கிழித்துத் தோரணம் கட்டுகிறாள், இவளுக்கானால் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"சிரிக்கிறீங்களா?" என்றது ஃபோன்.

"சிரிக்கலம்மா, அழறேன். ரெண்டும் ஒண்ணா வருது. அம்மா, அந்த டிரம்ல ஒரு கரண்டிகூட எதுலயும் சேர்த்துடாதீங்க."

"சோதனை முடியாம நாங்க எதையும் தொடுறதில்ல."

"நானே வந்து எடுத்துக்கிறேன். எப்படி வந்துச்சுன்னு கண்டுபிடிச்சு உங்க முன்னால வந்து சொல்றேன். கலப்படம் பண்ற ஆளு நான் இல்லம்மா. ஆனா நீங்க நல்லா இருக்கணும், உங்க பிள்ளைகுட்டியெல்லாம் நல்லா இருக்கணும்."

அந்தக் கறார் அம்மாளுக்குச் சரக்கைத் திருப்பி அனுப்பியதற்காக அதுவரை யாரும் வாழ்த்துச் சொன்னதில்லை போலிருக்கிறது. தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு, "சரி, வந்து சொல்லுங்க," என்று வைத்துவிட்டார்.

தம்பி ஓடிவந்தான். "என்னக்கா ஆச்சு?"

"தூள்ல இறால் இருக்குதாம்டா!"

"ஐயோ! அதுக்கா இந்தச் சந்தோஷம்?"

"மண்டு! இறால் இருந்தா மாமாவுக்கு மூச்சு திணறுறது இறாலால! பூஞ்சையால இல்ல!"

அவனுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் அவனுக்கும் முகம் மலர்ந்தது, உடனே சுருங்கியது. "அது சரிக்கா. நம்ம கடைக்குள்ள இறால் எப்படி வந்துச்சு? அதுவா நடந்து வந்துச்சு?"

அவள் வடிகட்டும் அறையைப் பார்த்தாள். யாரும் வரக்கூடாது, கவனம் சிதறுது. குழாய்களை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். நடந்தாள் என்று பேர், பாதி தூரம் ஓடினாள்.

இறால்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும். கைவாகுன்னீங்களே, அது என்ன?"

அவர் திருதிருவென்று விழித்தார். பிடிபட்டவர் முகம் எப்படியிருக்கும் என்று பார்க்க அவள் வெளியே எங்கும் போக வேண்டியிருக்கவில்லை.

"கை..." என்றார்.

"கையை நான் பார்த்திருக்கேன். வேற என்ன?"

அப்புறம் எழுந்து படுக்கையறைக்குப் போனார். அலமாரியில், அவருடைய கல்யாணச் சட்டைக்கு அடியிலிருந்து ஒரு துணியை உருவி எடுத்து வந்தார். தடித்த பருத்தித் துணி, பழுப்பேறி, நாலு மூலையும் கையால் தைத்திருந்தது. பல வருஷம் ஓட்டுக் கரைசலை வடித்து வடித்து இழை இறுகி, காற்றுகூட யோசித்துத்தான் நுழையும். யார்டில் அவர் அதை வேறு யாரையும் தொட விட்டதில்லை.

"அண்ணன்கிட்ட... கேட்டு... வாங்கினேன். நீ அன்னிக்கு... வாளி மேல..."

அழுதாய் என்பதைக் கையால் காட்டினார். பிறகு அவசர அவசரமாக, ஏதோ நீதிமன்றத்தில் நிற்பவர் மாதிரி, "துவைச்சேன். வேக வச்சேன். திரும்பத் திரும்ப... வேக வச்சேன். வெயில்ல... காயப்போட்டேன்," என்றார்.

"காஞ்சதும் உதறினது யாரு?"

"நான்தான்."

"முகமூடி?"

"வீட்டுல... எதுக்கு..."

கட்டிலுக்குப் பக்கத்திலேயே அலமாரி. அவள் முடியை வெட்டிக்கொண்டு, குளித்துக்கொண்டு, தரையை ஒற்றிக்கொண்டு திரிந்த நாளெல்லாம் இறால் அவர் தலைமாட்டில் கல்யாணச் சட்டைக்கு அடியில் படுத்துக்கொண்டிருந்திருக்கிறது. அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. திட்டுவதற்கு வாயைத் திறந்தாள்.

"கம்பெனிக்காரம்மா சொல்றாங்க, தூள்ல இறால் இருக்குன்னு. எவ்வளவு வேக வச்சாலும் அது இழையை விட்டுப் போகாதுங்க. உங்க நெஞ்சுல விசில் அடிக்கிறது இந்தத் துணி!"

அவர் துணியைப் பார்த்தார். மெதுவாக அதைத் தூர வைத்தார்.

"அப்ப... பூஞ்சை... இல்லையா?"

"இல்ல."

"நான்... கடைக்கு... வரலாமா?"

திட்டு தொண்டையிலேயே நின்றுபோயிற்று. இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு அந்த மனுஷன் எத்தனை நாள் பயந்திருப்பார் என்று அவளுக்குப் புரிந்தது. "வரலாமாவா? வராம இருந்துடுவீங்களா?" என்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவரும் அழுதார். அழுதுகொண்டே ஒரு கையால் அவளுடைய குட்டை முடியைத் தடவிப் பார்த்தார், அதனால் அவளுக்கு ஞாபகம் வந்து, நின்ற திட்டு மறுபடி கிளம்பியது. அதை எழுத வேண்டியதில்லை.

தம்பி வந்து துணியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டினான். "மாமா, கடைசியா ஒரு தடவை முகம் பார்த்துக்கிறீங்களா?" என்றான். மாமா செருப்பைத் தேடினார். அலமாரி, மெத்தை, திரைச்சீலை எல்லாவற்றையும் வெளியே போட்டுக் கழுவினார்கள். கடையில் தொட்டி, குழாய், பாத்திரம் ஒன்று விடாமல் காரத்தில் கொதிக்க வைத்தார்கள். பூஞ்சைக்காரி கட்டுத்துணி அம்மாளின் எதிரில் போய் உட்கார்ந்து நடந்ததை நடந்தபடி சொன்னாள். அந்த அம்மாள் அவளுடைய வெட்டின முடியைப் பார்த்தார். "இன்னும் ஒரு மாதிரி கொண்டு வாங்க. இறாலும் இருக்கக் கூடாது, கலங்கலும் இருக்கக் கூடாது," என்றார்.

சிக்கலே அதுதானே. துணி போனால் தெளிவும் போகும். புதுத் தொட்டியில் பூஞ்சை உருண்டு திரண்டு வந்தது. வெந்து, கரைந்து, வடிகட்டும் நாள் வந்தது. இந்தத் தடவை பூஞ்சைக்காரி அறைக்குள் வந்து நின்றாள். அவர் நைலான் துணியில் கூழை ஊற்றினார், நாலு மூலையையும் சேர்த்து முறுக்கினார், முழங்கையை ஊன்றிப் பிழிந்தார். கலங்கல் கொட்டியது.

"நிறுத்துங்க! எதுக்குப் பிழியிறீங்க?"

"பிழியாம... எப்படி?"

"இறால் ஓடு கல்லு மாதிரி. நீங்க மிதிச்சாலும் துணியைத் தாண்டாது. என் பூஞ்சை வெந்து குழைஞ்சு கிடக்கு, நீங்க அமுக்கினா அதுவும் சேர்ந்து வெளியே வருது. உங்க பழைய துணி இழை இறுகினது, அதனால உங்க முரட்டுக் கையைத் தாங்கிச்சு. விடுங்க. தானா வடியட்டும்."

அவள் அவரைத் தள்ளி உட்கார வைத்தாள். துணியை நாலாக மடித்துக் கட்டித் தொங்கவிட்டாள். சொட்டுச் சொட்டாக விழுந்தது. முதலில் விழுந்ததை மறுபடி மேலே ஊற்றினாள், துணியின் மேல் படிந்த சக்கையே இப்போது இன்னொரு துணியாக நின்றது. இறால்காரருக்குக் கை நமநமத்தது. எழுந்தார். உட்காரச் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து, சும்மா பார்க்கப் போகிறவர் மாதிரி எழுந்து மூலையைப் பிடிக்கப் போனார். தம்பி குறுக்கே நின்றான். கடைசியில் இரண்டு கையையும் அக்குளில் சொருகிக்கொண்டு உட்கார்ந்தார். பொழுது சாய்ந்தபோது கீழே பாத்திரம் நிறைந்திருந்தது. டம்ளரில் எடுத்துப் பிடித்தாள். அந்தப் பக்கம் தம்பியின் பல் தெரிந்தது.

தூள் காய்ந்து, பொடித்து, டப்பாவில் வந்த அன்று மூன்று பேரும் மேஜையைச் சுற்றி நின்றார்கள். மாதிரி கம்பெனிக்குப் போய், இறால் துளியும் இல்லை, தெளிவும் சரி என்று பதில் வந்துவிட்டது. ஆனால் பூஞ்சைக்காரிக்கு அது பாதிப் பதில்தான்.

இறால்காரர் முகமூடியைக் கழற்றினார்.

"வேண்டாங்க. கம்பெனிக்காரம்மா சொன்னதே போதும்."

"அவங்க... அவங்க மிஷினைக் கேட்டாங்க. நான்... என் நெஞ்சைக் கேட்கணும்."

டப்பாவைத் திறந்தார், முகத்தைக் கிட்டே கொண்டுபோனார், மூச்சை இழுத்தார். அவள் தம்பியிடம் மோட்டாரை நிறுத்தச் சொன்னாள். மோட்டார் நின்றதும் கடை அமைதியாகிவிட்டது. அவர் நெஞ்சில் எழும் விசிலை அவருக்கு முன்னால் அவள் காது கேட்டுவிடும், அவ்வளவு பழக்கம். காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். தொட்டியில் ஒரு குமிழி உடைந்தது. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். வேறு சத்தம் இல்லை.

இறால்காரர் இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். டப்பாவை மூடினார். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் பழைய சிடுசிடுப்பு ஏறுவதை அவள் பார்த்தாள்.

"இந்தா பாரு, ஒரு துணியை அமுக்காம பிழியாம கையைக் கட்டிக்கிட்டு உக்காந்து வேடிக்கை பார்க்கிறதுக்குப் பேரு வேலைன்னு என் ஆயுசுல எந்த மடையனும் எனக்குச் சொல்லித் தந்ததில்ல, இவ்வளவு சக்கரையைக் கரைச்சு இவ்வளவு பூசணத்தை வளர்த்து கடைசியில கையளவு தூளைக் கொண்டாந்து வச்சா அதுக்கு ஒரு வாசனைகூட இல்ல, நாளைக்கு எவனாவது மாவுன்னு நினைச்சு ரொட்டி சுட்டா அதுக்கும் நான்தான் பதில் சொல்லணும், எல்லாம் அந்த லாரிக்காரனால வந்தது, அவன் தார்ப்பாயை ஒழுங்கா மூடியிருந்தா தூசி என் நெஞ்சுக்குள்ள போயிருக்காது, போகலேன்னா நீ இந்தக் கடையைத் திறந்திருக்க மாட்ட, திறக்கலேன்னா என் முட்டாள்தனத்துக்கு உன் முடி போயிருக்காது, அது வளர்ற வரைக்கும் தினம் காலையில நான் அதைப் பார்த்துக்கிட்டே எழுந்திரிக்கணும்னு என் தலையில எழுதியிருக்கு, சரி, டீ குடிச்சியா?"

தம்பி வாயைப் பிளந்துகொண்டு நின்றான். நடுவில் எங்கேயும் அறுபடவில்லை.

பூஞ்சைக்காரி எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க," என்றாள்.